சுவரில் கோடு போட்டது யார்? - மணலி வாடகை வீடுகளில் அட்வான்ஸ் தகராறு

மணலியில் ஒரு காலை நேரம். வாசலில் குட்டியானை வண்டி நிற்கிறது.

கட்டில், பீரோ, கிரைண்டர், காஸ் அடுப்பு, குடங்கள் எல்லாம் ஏறிவிட்டன. துளசித் தொட்டி ஒன்றுதான் பாக்கி. அதை வண்டியில் ஏற்ற மனைவிக்கு மனம் இல்லை. மடியில் வைத்துக்கொண்டு போவதாகச் சொல்லிவிட்டாள்.

கணவர் சாவியை நீட்டுகிறார். வீட்டுக்காரர் ஒரு துண்டுச் சீட்டை நீட்டுகிறார்.

கொடுத்த அட்வான்ஸ் 50 ஆயிரம் ரூபாய். கைக்கு வருவது 34 ஆயிரம்!

"மீதி 16 ஆயிரம் எங்கே சார்?"

"பெயிண்ட் அடிக்க ஒரு மாத வாடகை 8 ஆயிரம். வாஷ்பேசின் விரிசலுக்கு 3 ஆயிரம். ஹால் ஃபேன் ஓடவில்லை, அதற்கு 2,500. கரண்ட் பாக்கி 2,500. கூட்டிப் பாருங்கள், சரியாக இருக்கும்."

"பேசின் விரிசல் நாங்கள் வரும்போதே இருந்தது சார்!"

"இருந்ததா? அப்போது நீங்கள் சொல்லவே இல்லையே!"

"புரோக்கரிடம் சொன்னோம்."

"எந்தப் புரோக்கர்?"

புரோக்கர் தன் கமிஷனை வாங்கிக்கொண்டு போய் மூன்று வருஷம் ஆகிவிட்டது. அவருடைய செல்போன் நம்பரும் மாறிவிட்டது.

வண்டிக்காரர் ஹாரன் அடிக்கிறார். பக்கத்து வீட்டு ஜன்னல்கள் திறக்கின்றன.

இது ஓர் உதாரணக் காட்சிதான். ஆனால், மணலி, திருவொற்றியூர், எண்ணூர், ராயபுரம் பக்கம் வாடகைக்குக் குடியிருந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. வண்டியும் தொகையும் மாறும். வாக்குவாதம் மட்டும் மாறாது.

இதில் வேடிக்கை என்னவென்றால், இருவரும் உண்மையே பேசியிருக்கலாம். விரிசல் பழையதாக இருக்கலாம். அது வீட்டுக்காரருக்குத் தெரியாமலும் இருந்திருக்கலாம். முடிச்சு காலி செய்கிற நாளில் விழவில்லை. பால் காய்ச்சிய நாளிலேயே விழுந்துவிட்டது!

ஆலையோடு வந்த வீடுகள்

மணலி ஒரு காலத்தில் ஏரியும் வயலும் சூழ்ந்த ஊர். 1965-ல் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் கம்பெனி தொடங்கப்பட்டது. 1969-ல் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை ஓட ஆரம்பித்தது. 1971-ல் உரத் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. பின்னால் ரசாயன ஆலைகள் ஒவ்வொன்றாக வந்தன. 2011-ல் மணலி சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது.

ஆலை வந்தால் ஆள் வருவான். ஆள் வந்தால் வீடு வேண்டும். கம்பெனி குவார்ட்டர்ஸ் எல்லோருக்கும் கிடைக்குமா? கிடைக்காது. ஆகவே, சொந்த மனை வைத்திருந்தவர்கள் முன்பக்கம் ஒரு போர்ஷன், மாடியில் ஒரு போர்ஷன் என்று கட்டி வாடகைக்கு விட்டார்கள்.

இன்றும் வாடகைக்கு வருகிறவர்களில் பலர் கான்டிராக்ட் தொழிலாளர்கள், கன்டெய்னர் லாரி டிரைவர்கள், துறைமுக வேலைக்காரர்கள். ஆலைகளில் ஷட்டவுன் வேலை நடக்கும்போது வெளியூர் ஆட்களும் வந்து சேருவார்கள்.

இப்படிப்பட்ட குடும்பத்துக்கு அட்வான்ஸ் என்பது என்ன? பெரும்பாலும் அதுதான் அவர்களிடம் உள்ள ஒரே மொத்தப் பணம். நகையை அடகு வைத்துக் கொடுத்திருப்பார்கள். அல்லது சீட்டு எடுத்துக் கொடுத்திருப்பார்கள். பழைய வீட்டு அட்வான்ஸ் முழுசாகத் திரும்பி வந்தால்தான் புது வீட்டு அட்வான்ஸைக் கட்ட முடியும். 16 ஆயிரம் குறைந்தால், அந்த 16 ஆயிரத்துக்கு வட்டிக்கு ஆள் தேட வேண்டும்.

அதற்காக வீட்டுக்காரர்கள் எல்லோரையும் பணக்காரர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. ஆலையில் உழைத்து, ஓய்வு பெற்றபோது வந்த பிராவிடன்ட் ஃபண்டில் மாடி கட்டியவர்கள் இங்கே உண்டு. அந்த வாடகையில்தான் அவர்களுக்கு மருந்தும் மளிகையும். குடித்தனக்காரர் போகும்போது மோட்டாரைக் கெடுத்துவிட்டுப் போனால் அவர்களுக்கும் அது பெரிய அடிதான்.

1882-லேயே சொல்லிவிட்டார்கள்

இந்தத் தகராறு புதியது அல்ல. வெள்ளைக்காரர் காலத்தில், 1882-ல் வந்தது சொத்து மாற்றுச் சட்டம். அதில் 108-வது பிரிவு இதைப் பற்றியே பேசுகிறது.

வாடகைக்கு வந்தவர் இடத்தை எந்த நிலையில் பெற்றாரோ, அதே நல்ல நிலையில் திருப்பித் தர வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. ஆனால், இரண்டு விலக்குகள் உண்டு. ஒன்று, சாதாரணமாகப் புழங்குவதால் ஏற்படும் தேய்மானம். மற்றொன்று, மனிதனால் தடுக்க முடியாத சக்தியால் ஏற்படும் மாற்றம்.

குழந்தை ஓடி விளையாடிய தரையின் பளபளப்பு குறைந்தால் அது தேய்மானம். கோபத்தில் கதவை உதைத்து உடைத்தால் அது தேய்மானம் ஆகாது. வெள்ளம் வந்து சுவர் ஊறினால்? அது தடுக்க முடியாத சக்தி.

தமிழ்நாட்டில் வாடகை வீடுகளுக்கு நெடுநாள் ஆட்சி செய்தது 1960-ஆம் ஆண்டுச் சட்டம். அதன் இடத்தில் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. 2019 பிப்ரவரி 22 முதல் அது நடப்புக்கு வந்திருக்கிறது.

புதிய சட்டப்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாய்ப் பேச்சு செல்லாது. ஒப்பந்தத்தை 90 நாளுக்குள் வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். அதற்கு அரசின் இணையதளம் இருக்கிறது. பதிந்தால் ஒரு பதிவெண் கிடைக்கும்.

அட்வான்ஸ் எவ்வளவு வாங்கலாம்? வேறுவிதமாக ஒப்புக்கொண்டால் ஒழிய, மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது சட்டம். சென்னையில் பத்து மாத வாடகையை அட்வான்சாகக் கேட்பது வெகுகாலம் வழக்கமாக இருந்தது. அந்தப் பழக்கம் முற்றிலும் போய்விட்டது என்று சொல்ல முடியாது.

வீட்டைக் காலி செய்தபின், பாக்கியைக் கழித்துக்கொண்டு ஒரு மாதத்துக்குள் அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் உள்ளது.

குழாய் யாருடையது?

சட்டத்தின் கடைசிப் பக்கங்களில் ஓர் அட்டவணை இருக்கிறது. வீட்டில் எது பழுதானால் யார் பொறுப்பு என்று அது பிரித்துச் சொல்கிறது. பலர் அதைப் பார்த்ததே இல்லை.

கட்டடத்தின் பெரிய பழுது வீட்டுக்காரர் பொறுப்பு. அதைக் குடித்தனக்காரரே கெடுத்திருந்தால் கதை வேறு. சுவருக்கு வெள்ளையடிப்பதும், கதவு ஜன்னல்களுக்கு வர்ணம் பூசுவதும் வீட்டுக்காரர் தலையில்தான். குழாய்ப் பைப் மாற்றுவது, மின்சார ஒயரிங் இரண்டும் அவரைச் சேர்ந்தவையே.

குடித்தனக்காரர் பங்கு என்ன? குழாய், வாஷர், சுவிட்ச், பிளக், வாஷ்பேசின், கழிப்பறைச் சில்லறைப் பழுது, கதவின் பூட்டும் கைப்பிடியும், ஜன்னல் கண்ணாடி, சாக்கடை அடைப்பு. தினமும் கை படுகிற பொருள்கள் எல்லாம் ஏறக்குறைய அவர் பங்கு.

இப்போது அந்தத் துண்டுச் சீட்டை மறுபடி பார்க்கலாம்.

பெயிண்ட் 8 ஆயிரம். அட்டவணைப்படி அது வீட்டுக்காரர் செலவு. ஆனால், 'காலி செய்யும்போது பெயிண்டுக்கு ஒரு மாத வாடகை பிடிக்கப்படும்' என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தால் தகராறு வேறு வடிவம் எடுக்கும். கையெழுத்துப் போடுமுன் தேட வேண்டிய வரி அதுதான்.

கரண்ட் பாக்கி குடித்தனக்காரர் கொடுக்க வேண்டியது. ஆனால், எந்த யூனிட்டிலிருந்து கணக்கு? குடிவந்த நாளில் மீட்டர் என்ன காட்டியது? நமது மின்வாரியம் இரண்டு மாதத்துக்கு ஒரு முறைதான் கணக்கெடுக்கிறது. நடுவில் குடிவந்தவர் தலையில் முன்னவர் எரித்த விளக்கும் விழுந்துவிடும்!

ஃபேனும் வாஷ்பேசினும் குடித்தனக்காரர் பங்கில் வருகின்றன. ஆனால், அவர் வந்த அன்று ஃபேன் ஓடியதா? பேசின் முழுசாக இருந்ததா?

நான்கில் மூன்று கேள்விகள் ஒரே நாளைக் கேட்கின்றன. அந்த நாளைப் பற்றி ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

வெள்ளம் போட்ட கோடு

மற்ற ஊர்களில் இல்லாத ஒரு சங்கடம் மணலியில் உண்டு. இங்கே வீட்டைக் கெடுப்பது வீட்டுக்காரரும் அல்ல, குடித்தனக்காரரும் அல்ல. மூன்றாவது ஆள் ஒருவர் இருக்கிறார்!

வடக்கே கொசஸ்தலை ஆறு. கிழக்கே பக்கிங்காம் கால்வாய். அதற்கும் அப்பால் கடல். 2015 டிசம்பரில் வெள்ளம் வந்தது. 2021 நவம்பரில் கொசஸ்தலை பெருகி மணலி புதுநகர் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் வட சென்னையே மிதந்தது. அந்த முறை தண்ணீரோடு எண்ணெயும் சேர்ந்து வந்தது. எண்ணூர், எர்ணாவூர் பக்கம் வீட்டுச் சுவர்களில் கறுப்புக் கோடு விழுந்தது.

தண்ணீர் வடிந்துவிடும். எண்ணெய்க் கறை சோப்புப் போட்டாலும் லேசில் போகாது. மேலே சுண்ணாம்பு அடித்தாலும் கொஞ்ச நாளில் மங்கலாக எட்டிப் பார்க்கும்.

வெள்ளத்துக்குப் பின் ஒரு குடும்பம் காலி செய்தது, இன்னொரு குடும்பம் வந்தது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வருஷம் கழித்து அந்தக் கோடு மீண்டும் தெரிகிறது. "சுவரை என்ன செய்தீர்கள்?" என்று கேட்டால் புதுக் குடும்பம் என்ன பதில் சொல்லும்? வந்த அன்று சுவரில் வெள்ளை பளிச்சென்று இருந்ததே!

கடல் காற்றும் சும்மா இருப்பதில்லை. இரும்புக் கேட், ஜன்னல் கம்பி, மாடிப்படிக் கைப்பிடி எல்லாம் உப்புக் காற்றில் துருப்பிடிக்கும். உப்புத் தண்ணீர் ஓடுகிற குழாயில் வெள்ளைப் பொருக்குப் படியும். குளியலறை டைல்ஸ் மங்கும். இதற்கெல்லாம் குடித்தனக்காரரைப் பிடிப்பது, மழை பெய்ததற்குக் குடை வைத்திருந்தவனைப் பிடிப்பது போலத்தான்.

சீமையில் இதற்கென்றே ஒரு தொழில்!

இங்கிலாந்தில் வாடகை வீட்டைக் கணக்கெடுப்பதே சிலருக்குப் பிழைப்பு. 'இன்வென்டரி கிளார்க்' என்று அவர்களுக்குப் பெயர்.

குடிவரும் நாளில் அவர் கேமராவோடு வருவார். அறை அறையாகப் போவார். சுவரில் எத்தனை ஆணித் துளை, கம்பளத்தில் எங்கே கறை, எத்தனை சாவி, மீட்டரில் என்ன எண் என்று எழுதுவார். நடுவில் ஒரு முறை வந்து பார்ப்பதும் உண்டு. காலி செய்கிற நாளில் பழைய ஏட்டை வைத்து ஒப்பிடுவார். அவர் எந்தப் பக்கத்து ஆளும் அல்ல என்பதுதான் அவருக்கு மரியாதை.

இந்தத் தொழில் வலுப்பட்டதற்கு ஒரு காரணம் உண்டு. 2007 ஏப்ரல் முதல் அங்கே அட்வான்ஸ் பணத்தை வீட்டுக்காரர் தன் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்ள முடியாது. அரசு ஒப்புக்கொண்ட பாதுகாப்புத் திட்டம் ஒன்றில் அதைச் சேர்க்க வேண்டும். தகராறு வந்தால், அந்தத் திட்டத்தின் நடுவர் காகிதங்களைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வார். பணம் குடித்தனக்காரருடையது, பிடித்தம் செய்யக் காரணத்தை வீட்டுக்காரர்தான் நிரூபிக்க வேண்டும். ஏடு இல்லாத வீட்டுக்காரர் பெரும்பாலும் தோற்றுப்போவார்.

பிரான்சில் கதை தலைகீழ். 1989-ஆம் ஆண்டுச் சட்டப்படி குடிவரும்போதும் போகும்போதும் இருவரும் சேர்ந்து வீட்டு நிலையை எழுத வேண்டும். எழுதாமல் விட்டால், வீடு நல்ல நிலையில்தான் கொடுக்கப்பட்டது என்று எடுத்துக்கொள்வார்கள். அங்கே ஏடு இல்லாத குடித்தனக்காரர் மாட்டிக்கொள்வார்!

இன்னொரு நல்ல வழக்கமும் பிரான்சில் உண்டு. குடிவந்து பத்து நாளுக்குள் புதிதாக ஏதாவது குறை தெரிந்தால், அதையும் ஏட்டில் சேர்க்கும்படி கேட்கலாம். குழாய் கசிவது முதல் நாளே தெரியுமா? குளித்துப் பார்த்தால்தான் தெரியும். நம் ஊர் ஒழுகல் மழை வந்தால்தான் தெரியும்.

இங்கிலாந்து நடுவர்கள் ஒரு கணக்குப் பார்ப்பார்கள். மணலிக்கும் அது பொருந்தும். பழைய பொருளுக்குப் புதுப் பொருளின் விலை கேட்கக் கூடாது என்பதே அது. பெயிண்டுக்கு ஆயுள் ஐந்து வருஷம் என்று கொள்வோம். அடிக்க 20 ஆயிரம் ரூபாய். நான்கு வருஷம் கழித்துக் குடித்தனக்காரரின் பிள்ளை சுவர் முழுவதும் கிறுக்கிவிட்டான். பெயிண்டுக்கு மிச்சம் இருந்த ஆயுள் ஒரு வருஷம். ஆகவே, நியாயமான பிடித்தம் 4 ஆயிரம்தான். முழு 20 ஆயிரம் அல்ல.

பால் பொங்குவதற்கு முன்

நம் நாட்டிலும் பெரிய நகரங்களில், வெளிநாட்டில் இருப்பவர்களின் வீடுகளைப் பார்த்துக்கொள்ளும் கம்பெனிகள் இப்படிக் கணக்கெடுத்துக் கொடுக்கின்றன. அதற்குக் கட்டணம் உண்டு. மாதம் 8 ஆயிரம் வாடகை வரும் மணலிப் போர்ஷனுக்குக் காசு கொடுத்து ஆள் வைப்பார்களா? ஆனால், ஆள் இல்லாமலே இதைச் செய்யலாம். ஓர் ஆள் அரை மணி நேரம் செலவிட்டால் போதும்.

எப்போது செய்வது? சாமான் இறங்குவதற்கு முன். வீடு காலியாக இருக்கும்போதுதான் சுவர் பேசும். பீரோ வந்துவிட்டால் அதன் பின்னால் இருக்கும் ஈரம் மறைந்துவிடும். நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்ச வருகிறார்கள் அல்லவா? பால் பொங்குவதற்குள் இந்த வேலை முடிந்துவிடும்.

ஒவ்வொரு சுவிட்சையும் போட்டுப் பார்க்க வேண்டும். ஃபேனை ஐந்திலும் வைக்க வேண்டும், ஒன்றிலும் வைக்க வேண்டும். குழாயைத் திறந்து அடைத்து, சொட்டுகிறதா என்று நிற்க வேண்டும். கழிப்பறையில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றி, அது எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். மோட்டார் ஓடுகிறதா, ஓடினால் மேல் தொட்டிக்கு ஏறுகிறதா? ஜன்னல் கதவு முழுசாகச் சாத்துகிறதா? சாவி எத்தனை?

மணலியில் ஒன்று கூடுதல். முழங்கால் உயரத்தில் சுவரை உற்றுப் பார்க்க வேண்டும். பெயிண்டுக்கு அடியில் கோடு தெரிகிறதா? கையால் தடவினால் சுண்ணாம்பு உதிர்கிறதா? "வெள்ளம் எந்த வருஷம் எவ்வளவு உயரம் வந்தது?" என்று வீட்டுக்காரரையே கேட்டு, அவர் சொல்வதையே எழுதிக்கொள்வது நல்லது. கேட்பதில் அவமரியாதை ஒன்றும் இல்லை.

இதையெல்லாம் ஒரு முழுத்தாளில் எழுதி, கீழே தேதி போட்டு, இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு பிரதிகள். எழுதப் படிக்கச் சிரமப்படுகிறவர் பள்ளிக்கூடம் போகும் மகளிடம் பேனாவைக் கொடுக்கலாம். பக்கத்துப் போர்ஷன்காரர் ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட்டால் இன்னும் நல்லது.

செல்போன் இல்லாத வீடு ஏது? மீட்டரையும், விரிசலையும், துருவையும் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் வீட்டுக்காரருக்கு அனுப்பிவிட்டால் தேதியும் நேரமும் அதிலேயே நிற்கும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து ஓர் அறையில் ஏழெட்டுப் பேராகத் தங்கும் தொழிலாளர்களுக்குத் தமிழில் பட்டியல் எழுத வராது. படத்துக்குப் பாஷை வேண்டாம்.

ஒப்பந்தம் பதியும் படிவத்தில், வீட்டோடு கொடுக்கும் சாமான்களைக் குறிக்க ஓர் இடம் இருக்கிறது. பலர் அதில் 'இல்லை' என்று எழுதிவிடுகிறார்கள். நான்கு ஃபேன், ஆறு டியூப்லைட், ஒரு மோட்டார் என்று எழுத எவ்வளவு நேரம் ஆகும்?

"இப்படி லிஸ்ட் போட்டால் ஓனர் கோபித்துக்கொள்வாரே, வீடு கிடைக்காமல் போய்விடுமே!" என்று பெண்கள் பயப்படுகிறார்கள். பயம் நியாயமானதே. வீடு கிடைப்பதே குதிரைக் கொம்பாக இருக்கும் இடத்தில் யாருக்குத்தான் தைரியம் வரும்? ஆனால், அந்தப் பட்டியல் வீட்டுக்காரருக்கும் காவல். "நான்கு ஃபேன் கொடுத்தேன், மூன்றுதான் இருக்கிறது" என்று அவர் சொல்லவும் அதே தாள்தான் வேண்டும்.

நடுவில் ஒரு சோதனை

சில வீட்டுக்காரர்கள் மாற்றுச் சாவி வைத்திருப்பார்கள். நினைத்தபோது உள்ளே வந்து எட்டிப் பார்ப்பார்கள். வீட்டில் பெண்கள் மட்டும் இருக்கும் நேரமாகவும் அது இருக்கும்.

அது தப்பு. வீட்டைப் பார்வையிட வீட்டுக்காரருக்கு உரிமை உண்டு. ஆனால், 24 மணி நேரம் முன்னதாக எழுத்தில் தெரிவித்துவிட்டு வர வேண்டும் என்கிறது 2017-ஆம் ஆண்டுச் சட்டம். கோபத்தில் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்துவதற்கும் தடை உண்டு.

அதே சமயம், முறையாகத் தெரிவித்துவிட்டு வருகிற வீட்டுக்காரரை வாசலிலேயே நிறுத்துவதும் சரியல்ல. வருஷத்துக்கு ஒரு முறை, மழைக்காலம் முடிந்ததும், இருவரும் சேர்ந்து சுவரைப் பார்ப்பது மணலிக்கு ஏற்ற வழக்கம். புதுக் கோடு விழுந்திருந்தால் அன்றே பட்டியலில் ஏறிவிடும்.

பேசித் தீராவிட்டால்? வாடகை அதிகாரி, வாடகை நீதிமன்றம், வாடகைத் தீர்ப்பாயம் என்று சட்டம் மூன்று படிகள் வைத்திருக்கிறது. அங்கே போனாலும் முதலில் கேட்பது காகிதத்தைத்தான்.

வண்டி புறப்பட்டது

குட்டியானை மணலி புதுநகருக்குப் போய்ச் சேர்கிறது. துளசித் தொட்டி முதலில் இறங்குகிறது.

வீட்டுக்கார அம்மாள் கதவைத் திறந்துவிடுகிறார். சுவரில் புது வெள்ளை. அறையில் பெயிண்ட் வாசனை இன்னும் போகவில்லை. "சாமானை இறக்கட்டுமா?" என்று வண்டிக்காரர் அவசரப்படுகிறார்.

"ஒரு பத்து நிமிஷம் இருங்க அண்ணே" என்கிறாள் மனைவி.

மகள் கணக்கு நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக்கொண்டு ஜன்னல் ஓரம் உட்காருகிறாள். அப்பா மீட்டர் பெட்டிக்கு முன்னால் நின்று எண்ணைப் படிக்கிறார். அம்மா அடுப்பங்கரைக் குழாயைத் திறந்து, மூடி, விரலை அடியில் வைத்துப் பார்க்கிறாள்.

"சொட்டுது, எழுதிக்கோ!"

வீட்டுக்கார அம்மாளுக்கு முதலில் முகம் சுளிக்கிறது. பிறகு அவரே ஹாலின் மூலைக்குப் போய்ச் சுவரைக் காட்டுகிறார்.

"இதையும் எழுதிக்கோம்மா. மிக்ஜாம் அன்னைக்குத் தண்ணி இதோ, இதுவரைக்கும் நின்னுது."